சும்மா உட்கார்ந்திருக்கிறவன் பாட்டு

காபிக் கடையோ, பல் டாக்டர் கிளினிக்கோ, ‘ரிலாக்ஸ்’ என்று பெயர் போட்ட பாட்டுப் பட்டியல் எங்கே ஓடினாலும் அரை மணி நேரத்துக்குள் ஓட்டிஸ் ரெட்டிங் வந்துவிடுவார். ‘சிட்டிங் ஆன் த டாக் ஆஃப் த பே’. முதலில் அலைச் சத்தம், பிறகு அவசரமே இல்லாத ஒரு கிட்டார், கடற்பறவைகள், முடிவில் ஒரு விசில். மூன்று நிமிஷம் கூடக் கிடையாது. கேட்கிறவர்கள் எல்லோரும் காலை நீட்டிச் சாய்ந்துகொள்கிறார்கள்.

இந்தப் பாட்டை வைத்து எனக்கும் என் நண்பன் ஒருவனுக்கும் ரொம்ப நாளாகச் சண்டை. அவன் கட்சி இது: “லீவு போட்டுட்டு கரையில உக்காந்திருக்கிறவன் பாட்டுடா இது. இதுக்குப் போய் ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற?” என் கட்சி: “அவனுக்கு லீவு இல்லடா. வேலையே இல்ல.”

வார்த்தைகளைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டால் தெரியும். ஊரை விட்டு இரண்டாயிரம் மைல் வந்திருக்கிறான். வந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள், இவனால் ஒன்றையும் செய்ய முடியவில்லை. காலையில் உட்கார்ந்தவன் சாயங்காலமும் அங்கேயேதான் இருக்கிறான். இது பிக்னிக்கா? ஆனால் நண்பன் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. இசை அவன் பக்கம் நிற்கிறது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சொல்லப்போனால் இந்தச் சண்டை எங்களோடு ஆரம்பித்ததே இல்லை. பாட்டு பிறந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. 1967 ஆகஸ்டில் ஓட்டிஸ் சான் பிரான்சிஸ்கோவில் ‘பேசின் ஸ்ட்ரீட் வெஸ்ட்’ என்ற கிளப்பில் பாடிக்கொண்டிருந்தார். ஜூன் மாதம்தான் மான்டரே இசை விழாவில் ஹிப்பிக் கூட்டத்தையே எழுந்து ஆடவைத்திருந்தார். ஓட்டலில் தங்கினால் ரசிகர் தொல்லை. அதனால் கோல்டன் கேட் பாலத்துக்கு அந்தப் பக்கம் சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கினார். கூட இருந்தவர் அவருடைய ரோடு மேனேஜர் ஸ்பீடோ சிம்ஸ். ஓட்டிஸ் கிட்டாரைத் தட்டிக்கொண்டே முதல் சில வரிகளைத் திரும்பத் திரும்பப் பாட, இந்த மனுஷன் என்ன பண்ணப் பார்க்கிறார் என்று பிடிபடவே தனக்குச் சில நாள் ஆயிற்று என்று சிம்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாட்டின் முதல் ரசிகர் அவர்தான். முதல் விமர்சனம் ‘புரியவில்லை’.

அடுத்த விமர்சனங்கள் இன்னும் மோசம். மனைவி ஸெல்மாவுக்குப் பிடிக்கவில்லை. பாட்டைப் பதிவு செய்த ஸ்டாக்ஸ் கம்பெனியின் முதலாளி ஜிம் ஸ்டூவர்ட்டுக்கும் பிடிக்கவில்லை, இது ரொம்ப ‘பாப்’ மாதிரி இருக்கிறது என்றார். பாட்டில் பேஸ் கிட்டார் வாசித்த டொனால்ட் ‘டக்’ டன்னுக்கே நம்பிக்கை இல்லை, இது கம்பெனியின் பெயரைக் கெடுத்துவிடும் என்று பயந்தார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதுவரை இருந்த ஓட்டிஸ் வேறு. பின்னால் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் பிளந்து கட்ட, சட்டை நனைய மேடையை மிதித்துப் பாடுகிறவர். ஒரு வார்த்தையை மென்று, துப்பி, மறுபடி எடுத்துப் பாடுவார். ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை 1965-ல் எழுதிப் பாடியவர் அவர்தான், இரண்டு வருஷம் கழித்து அரீதா ஃபிராங்க்ளின் அதைத் தனதாக்கிக்கொண்டது தனிக் கதை. அப்படிப்பட்ட ஆள் திடீரென்று கரையில் உட்கார்ந்துகொண்டு முணுமுணுத்தால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கலக்கமாகத்தானே இருக்கும்?

குரல் மாறியதற்குத் தொண்டையைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. அந்த இலையுதிர் காலத்தில் அவருக்குக் குரல் நாணில் இருந்த கட்டிகளை அறுவை செய்து எடுத்தார்கள். சில வாரங்கள் பேசவே கூடாது என்று உத்தரவு. திரும்பி வந்தபோது குரல் தெளிந்திருந்தது. அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பாட்டு அறுவைக்கு முன்னாலேயே படகு வீட்டில் பிறந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோடையில் அவர் பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ தட்டை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு மாதிரி எழுத வேண்டும் என்ற ஆசை தொண்டைக்கு முன்பே வந்துவிட்டது என்பது என் கணிப்பு.

ஸ்டாக்ஸ் பற்றி இரண்டு வரி. மெம்ஃபிஸ் நகரம், ஈஸ்ட் மெக்லமோர் அவென்யூ, 926-ம் எண். பழைய கேபிடல் சினிமா தியேட்டர். நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு ஸ்டூடியோ ஆக்கினார்கள், சரிவான தரையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஸ்டூவர்ட்டும் அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் நடத்திய கம்பெனி. இரண்டு பேர் பெயரிலும் முதல் இரண்டிரண்டு எழுத்தைச் சேர்த்தால் ஸ்டாக்ஸ். தியேட்டரில் தின்பண்டம் விற்ற இடத்தில் அக்கா ஓர் இசைத்தட்டுக் கடை வைத்தார். உள்ளே பதிவான பாட்டை வெளியே கடைக்கு வரும் பேட்டைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, யார் காலை ஆட்டுகிறார்கள், யார் ‘அடுத்தது போடுங்க’ என்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ரசிகர்களின் கருத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு தொழில் நடத்திய கம்பெனி வேறொன்று எனக்குத் தெரியாது.

1967 நவம்பர் 22. ஓட்டிஸும் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் க்ராப்பரும் பாதியில் நின்ற பாட்டை உட்கார்ந்து முடித்துப் பதிவு செய்தார்கள். ஜார்ஜியாவை விட்டு வந்தவன் என்ற கதையைச் சேர்த்தது க்ராப்பர். ஓட்டிஸின் வாழ்க்கையிலிருந்தே எதையாவது எடுத்து அவருக்கே பாட்டாகத் தருவது க்ராப்பரின் வழக்கம். டிரம்ஸில் ஆல் ஜாக்சன், பியானோவில் புக்கர் டி. ஜோன்ஸ், பேஸில் நம் சந்தேகப் பேர்வழி டன். பிடிக்காத பாட்டுக்கு அந்த மனிதர் வாசித்திருப்பதைக் கேளுங்கள், அலை கரையில் ஏறி இறங்குவதை பேஸ்தான் செய்கிறது.

இப்போது, இசை நண்பன் பக்கம் நிற்பதற்கு நான் சொல்வதாக இருந்த அந்தக் காரணம். கிட்டார் வாசிப்பவர்களுக்கு இது உடனே புரியும். வாசிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு பத்திதான். பாட்டு ஜி மேஜரில் இருக்கிறது. சரணம் ஜி, பி, சி, ஏ என்று போகிறது. பல்லவியில் ஜியும் ஈயும் மாறி மாறி வருகின்றன. வழக்கப்படி ஜி மேஜர் பாட்டில் பி, ஏ, ஈ மூன்றும் மைனராக வர வேண்டியவை, அதாவது முகம் வாட வேண்டிய இடங்கள். இந்தப் பாட்டில் மூன்றும் மேஜர். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு மைனர் கார்ட் கூடக் கிடையாது. ஓட்டிஸ் கிட்டாரை ஈ மேஜருக்குத் திறந்து சுதி சேர்த்து வைத்திருப்பார், ஒரே விரலைக் குறுக்கே வைத்து மேலும் கீழும் நகர்த்தினால் எல்லாம் மேஜராகத்தான் விழும் என்று க்ராப்பர் விளக்கியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த வாசிப்பு அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து என்ன வந்தது பாருங்கள். வாய் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்ல, கிட்டார் சிரித்துக்கொண்டே இருக்கிறது. கல்யாண வீட்டில் கடன்காரன் முன்னால் நிற்கும் பெண்ணின் அப்பா சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. நண்பன் சிரிப்பைக் கேட்கிறான், நான் அப்பாவைப் பார்க்கிறேன். இரண்டும் அதே பாட்டில்தான் இருக்கின்றன.

பதிவு முடிந்து சில வாரங்கள்தான். டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. கிளீவ்லாந்திலிருந்து விஸ்கான்சின் மாநிலம் மேடிசனுக்கு ஓட்டிஸ் போன சின்ன விமானம் மோனோனா ஏரியில் விழுந்தது. ஏறியிருந்த 8 பேரில் 7 பேர் இறந்தார்கள். ஓட்டிஸுக்கு வயது 26. உடன் வாசித்த பார்-கேஸ் குழுவில் நால்வர் போனார்கள், எல்லாம் இருபதை எட்டாத, அல்லது அப்போதுதான் எட்டிய பையன்கள். நீச்சல் தெரியாத டிரம்பெட் கலைஞர் பென் காலி மட்டும் இருக்கை மெத்தையைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தார். அன்று இரவு மேடிசனில் அவர்களுக்கு முன்னால் வாசிக்க இருந்த இசைக்குழுவின் பெயர் ‘கிரிம் ரீப்பர்ஸ்’, நம் கணக்கில் எமதூதர்கள். கதையில் எழுதினால் எடிட்டர் அடித்துவிடுவார்.

ஆள் போனதும் கம்பெனிக்கு அவசரமாக ஒரு தட்டு வேண்டியிருந்தது. ஓட்டிஸின் உடலைக் கூட இன்னும் கண்டெடுக்காத நேரத்தில் மிக்ஸிங் அறையில் உட்கார வேண்டியிருந்தது என்று க்ராப்பர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பதிவின்போது ஓட்டிஸ் கடற்பறவை மாதிரிக் கத்திக் கலாட்டா செய்தது அவருக்கு நினைவு வந்தது. மெம்ஃபிஸில் விளம்பரப் பாட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஒலித் துணுக்குகள் இருந்தன, அங்கே போய் அலையும் பறவையும் வாங்கி வந்து சேர்த்தார். இன்றைக்கு காபிக் கடையில் நம்மைச் சாய வைக்கிற அந்த அலைச் சத்தத்தை ஓட்டிஸ் கேட்டதே இல்லை. கலாட்டா செய்த அந்த டேக் பிற்பாடு வெளிவந்த தொகுப்புகளில் இருக்கிறது. பறவையை மிமிக்ரி பண்ண முயன்று அவருக்கே சிரிப்பு வருகிறது. தேடிக் கேளுங்கள்.

தட்டு 1968 ஜனவரியில் வந்தது. மார்ச் 16-ம் தேதிப் பட்டியலில் முதலிடம், நான்கு வாரம் அசையவில்லை. உயிரோடு இருந்தபோது அமெரிக்க பாப் பட்டியலில் அவர் எட்டிய உச்சம் 21-ம் இடம். பாடகர் இறந்த பிறகு முதலிடத்துக்குப் போன முதல் பாட்டு அமெரிக்காவில் இதுதான். இதற்கு இரண்டு கிராமி விருதும் வந்தது. மனைவி, முதலாளி, பேஸ் கலைஞர் மூவரின் தீர்ப்பையும் ஊர் தள்ளுபடி செய்துவிட்டது. இறந்தவர் மேல் வந்த அனுதாபம்தான் ஓட வைத்தது என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். அனுதாபம் ஒரு மாதம் தாங்கும். 1999-ல் பிஎம்ஐ என்ற உரிமைத்தொகை அமைப்பு, 20-ம் நூற்றாண்டில் அமெரிக்க வானொலி, தொலைக்காட்சிகளில் அதிகம் ஒலித்த பாட்டுகளைக் கணக்கெடுத்தபோது இது ஆறாவது இடத்தில் இருந்தது. அதற்கும் அனுதாபம் காரணமா?

அந்த நான்கு வாரத்தின் கடைசி வாரத்தைக் கவனியுங்கள். ஏப்ரல் 6-ம் தேதிப் பட்டியலிலும் இது முதலிடம். ஏப்ரல் 4 அன்று மார்டின் லூதர் கிங் மெம்ஃபிஸில் லொரெய்ன் மோட்டலில் சுடப்பட்டார். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உட்கார இடமில்லாத அந்த ஊரில், ஸ்டாக்ஸ் ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து பாட்டு எழுதியது அதே மோட்டலில்தான். ‘நாக் ஆன் வுட்’ பாட்டு அங்கேதான் பிறந்தது. கிங் இறந்த செய்திக்கும் அடுத்த செய்திக்கும் நடுவே வானொலியில் ஓடிய பாட்டு, எதுவும் மாறவே போவதில்லை என்று ஒருவன் கரையில் உட்கார்ந்து பாடும் பாட்டு. அந்த வாரம் அதைக் கேட்ட ஒரு கறுப்பினத்தவருக்கு அது ரிலாக்ஸாக இருந்திருக்குமா என்று நண்பனிடம் கேட்டேன். முதல் தடவையாக அவன் பதில் சொல்லவில்லை, டீயை எடுத்துக் குடித்தான்.

இந்தப் பாட்டைச் சரியாகக் கேட்டவர்கள் யார் என்றால் என் ஓட்டு வியட்நாமில் இருந்த சிப்பாய்களுக்கு. டக் பிராட்லி, கிரெய்க் வெர்னர் என்ற இருவர் போருக்குப் போய் வந்தவர்களைத் தேடித்தேடி, ‘அங்கே உங்களைத் தாங்கிய பாட்டு எது?’ என்று கேட்டு 2015-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். பிராட்லியே வியட்நாம் போனவர். அடிக்கடி சொல்லப்பட்ட பாட்டுகளில் முதல் பத்துக்குள் இது இருக்கிறது. பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் ‘வீட்டுக்குப் போகணும்’ வகைப் பாட்டுகள். அதில் இது எப்படி வந்தது?

இங்கே பூகோளம் உதவுகிறது. ஏராளமான சிப்பாய்கள் வியட்நாம் புறப்பட்டது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து. ஓக்லாண்ட் ராணுவ முகாமில் பெயர் பதிந்து, சீருடை வாங்கி, டிராவிஸ் விமானத் தளத்தில் ஏறுவார்கள். ஜார்ஜியாவிலிருந்தும் அலபாமாவிலிருந்தும் வந்த பையனுக்குத் தன் நாட்டில் கடைசியாகப் பார்த்த தண்ணீர் அந்த வளைகுடா. ஊரை விட்டு இரண்டாயிரம் மைல் வந்து அங்கே காத்திருந்தது அவனும்தான். பிறகு இன்னும் எட்டாயிரம் மைல் தாண்டிப் போய், முகாம் வானொலியில் இந்தப் பாட்டைக் கேட்கிறான். எதிரிப் படைகளின் டெட் தாக்குதல் நடந்து முடிந்த நேரம். போரில் பாதி வேலை காத்திருப்பது. ஒன்றும் நடக்காத ஒரு நாளுக்கு அவன் ஏங்கியிருப்பான், ஒன்றும் நடக்காத நாளில் வெறுத்தும் போயிருப்பான். சும்மா உட்கார்ந்திருப்பது அவனுக்கு ஒரே நேரத்தில் சொர்க்கம், தண்டனை இரண்டும். என் நண்பன், நான் இரண்டு பேரும் சேர்ந்து கேட்பதை அந்தப் பையன் ஒருத்தனே கேட்டிருக்கிறான்.

சாசலிட்டோவுக்கு ஒருமுறை போனேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து படகில் போனால் இறங்கும் இடத்திலேயே ஐஸ்கிரீம் கடை, ஓவியக் கடை, சைக்கிளோடு நிற்கும் சுற்றுலாக் கூட்டம். வடக்கே நடந்தால் படகு வீடுகள். மரப்பலகை நடைபாதை, இரண்டு பக்கமும் பூந்தொட்டி, காலடியில் சேறும் டீசலும் கலந்த வாடை. அப்படியே 101-ம் நெடுஞ்சாலைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தால் மரின் சிட்டி. அங்கே ஒரு சுற்றுலாப் பயணி இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், சாசலிட்டோ கரையில் மரின்ஷிப் என்ற கப்பல் கட்டும் தளத்தை ஆரம்பித்தார்கள். போர் முடிவதற்குள் 93 கப்பல்கள். வேலைக்குத் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வந்து இறங்கின. அவர்களும் மற்றத் தொழிலாளிகளும் தங்கக் கட்டிய குடியிருப்புதான் மரின் சிட்டி. கப்பல் கட்டுகிறவர்களின் சங்கம் கறுப்பர்களை ஓட்டுரிமை இல்லாத துணைச் சங்கத்தில் தள்ளியது. ஜோசப் ஜேம்ஸ் என்ற வெல்டர் வழக்குப் போட்டு 1944-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஜெயித்து என்ன, அடுத்த வருஷம் போர் முடிந்தது, வேலையும் முடிந்தது. வெள்ளைத் தொழிலாளிகள் வேறு ஊர்களில் வீடு பார்த்துப் போனார்கள். கறுப்பர்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் யாரும் வீடு விற்கவில்லை. வந்தவர்கள் அங்கேயே நின்றுபோனார்கள். கைவிட்ட கப்பல் தளத்தில் மிஞ்சிய ஓடத்தையும் பலகையையும் வைத்துத்தான் படகு வீட்டுக்காரர்கள் குடியேறினார்கள்.

ஆக, தெற்கிலிருந்து வந்து வேலையில்லாமல் அந்தக் கரையில் கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த கறுப்பன், பாட்டுக்கு இருபது வருஷம் முன்பே அங்கே நிஜமாக இருந்தான். ஓட்டிஸ் இதையெல்லாம் யோசித்து எழுதினார் என்று நான் சாதிக்க வரவில்லை. அவருக்கு அப்போது ஜார்ஜியாவில் பெரிய பண்ணை, கையில் காசு, பெயர். நண்பன் இதைத்தான் பிடித்துக்கொள்வான்: “பண்ணைக்காரன்டா அவன், அவனுக்கென்ன கவலை?” சரி, பாடினவருக்குக் கவலை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பாட்டுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு இருக்கிறதே.

விசிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். இந்தப் பாட்டைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் கடைசியில் விசிலில்தான் வந்து நிற்கிறார்கள். பாட்டின் முடிவில் ஓட்டிஸ் வாய்க்கு வந்ததைப் பேசிப் பாடுவது வழக்கம். அதற்காக க்ராப்பர் இடம் விட்டு வைத்திருந்தார், அந்த நேரத்தில் ஒன்றும் வாயில் வராமல் அவர் விசிலடித்துவிட்டார் என்பது க்ராப்பரின் கதை. விசிலடித்தது ஓட்டிஸே இல்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டு. முந்தைய ஒரு டேக்கில் அவர் அடித்த விசில் காற்றாகத்தான் வருகிறது, கேட்டுக்கொண்டிருந்த பதிவாளர் அதைக் கிண்டல் செய்வதும் டேப்பில் இருக்கிறது. யார் அடித்திருந்தாலும் எனக்குச் சம்மதம். வழக்கமான ஓட்டிஸாக அங்கே கத்தியிருந்தால், அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தவன் திடீரென்று எழுந்து நின்ற மாதிரி ஆகியிருக்கும்.

பிறகு இந்தப் பாட்டை யார் யாரோ பாடினார்கள். 1986-ல் ‘டாப் கன்’ படத்தில் நாயகனின் பெற்றோருக்குப் பிடித்த பாட்டாக வந்து ஒரு புதுத் தலைமுறையைப் பிடித்தது. இரண்டு வருஷம் கழித்து மைக்கேல் போல்டன் பாடினார், பட்டியலில் 11-ம் இடம் வரை போனது. என்னைக் கேட்டால் அது அநியாயம். உட்கார்ந்திருக்க வேண்டிய பாட்டை மனுஷன் மலை உச்சியில் ஏறி நின்று பாடுகிறார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் தொண்டை கிழிகிறது. இதை நண்பனிடம் சொன்னபோது வேறு எதிலும் ஒத்துப்போகாதவன் இதில் மட்டும் கை கொடுத்தான்.

ஆனால் ஸெல்மா ரெட்டிங் போல்டனுக்குக் கடிதம் எழுதினார். கேட்டுக் கண்ணீர் வந்தது, கணவரையே நினைவுபடுத்துகிறது என்று எழுதி, அவர் இருந்திருந்தால் அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்றும் சேர்த்திருந்தார். முதல் தடவை கணவர் பாடிக் காட்டியபோது பிடிக்கவில்லை என்றாரே, அதே ஸெல்மா. அந்த அம்மாவோடு வாதாட நான் யார்? நண்பனிடம் அந்தக் கடித விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் போல்டன் கட்சிக்குத் தாவிவிடுவான்.